சிஸ்டம் ஸ்லோவா இருக்குங்களா? ஃபார்மட் போடும் முன் பாருங்கள்

காந்திபுரத்துச் சர்வீஸ் கடையானாலும் சரி, பல்லடம் பஸ் ஸ்டாண்டு ஓரத்துக் கடையானாலும் சரி, "ஏனுங்க தம்பி, சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்குது" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் "ஃபார்மட் போட்டரலாமுங்க" என்று பதில் வந்துவிடுகிறது. ஃபார்மட் போட்டால் கொஞ்ச நாள் ஓடும். பிறகு பழைய கதைதான். பெரும்பாலான வீடுகளில் வேகத்தைத் தின்பது விண்டோஸ் அல்ல. சுழலும் பழைய ஹார்டு டிஸ்க், போதாத ரேம், அதோடு நம்ம ஊருக்கே உரிய பஞ்சுத் தூசி. இவற்றில் எது என்று வீட்டில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்துவிடலாம். காசை எடுப்பது அதற்கு அப்புறம்.

1. முதலில் ரீஸ்டார்ட் கொடுங்கள். 'ஷட் டவுன்' வேண்டாம், 'ரீஸ்டார்ட்'. விண்டோஸ் 8-லிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்ற வசதி வந்துவிட்டதால், ஷட் டவுன் செய்யும்போது சிஸ்டம் முழுதாக அணைவதில்லை. உள்ளே ஓடியதில் ஒரு பகுதியை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு, மறுநாள் அதையே எடுத்து விரிக்கிறது. தினமும் ராத்திரி அணைத்துவிடுகிறேனே என்பவர்களின் சிஸ்டம்கூட உண்மையில் பல வாரங்களாக முழுதாக அணையாமல் இருக்கலாம். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் புதிதாகத் தொடங்கும்.

2. சரியாகவில்லையா? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று கீயையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிபியு, மெமரி, டிஸ்க் என்று பக்கம் பக்கமாகச் சதவீதம் ஓடும். சிஸ்டம் திணறும் நேரத்தில் இரண்டு நிமிடம் அதையே பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால் ஹார்டு டிஸ்க் பிரச்சினை. மெமரி 85, 90 என்று ஏறி நின்றால் ரேம். எதுவும் பெரிதாக ஓடாமலே சிபியு ஏறினால் வேண்டாத மென்பொருளோ வைரஸோ. மூன்றும் அமைதியாக இருக்க, சிஸ்டம் மட்டும் இழுத்தால் சூட்டைச் சந்தேகப்படுங்கள். கடைக்காரரிடம் போகும்போது "ஸ்லோவா இருக்குது" என்பதற்குப் பதிலாக "டிஸ்க் நூறுலயே நிக்குதுங்க" என்று சொல்லிப் பாருங்கள். பேச்சே வேறு மாதிரி போகும்.

3. டிஸ்க் 100-ல் நிற்பதுதான் நான் பார்த்தவரை மிக அதிகம். காரணம் எளிது. பழைய லேப்டாப்களில் இருப்பது நிமிடத்துக்கு 5,400 சுற்று சுழலும் தட்டு. ஒரு தகவலைப் படிக்க ஊசி அந்த இடத்துக்கு நகர வேண்டும். பிறகு தட்டு சுழன்று அந்த இடம் ஊசிக்கு அடியில் வர வேண்டும். சுழற்சிக்காக மட்டும் சராசரியாக 5.6 மில்லி செகண்டு காத்திருப்பு. ஊசி நகரும் நேரத்தையும் சேர்த்தால் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் தகவல்களை ஒரு செகண்டில் நூறு தடவைகூட எடுக்க முடியாது. விண்டோஸ் 10, 11 இரண்டும் பின்னால் ஓயாமல் சின்னச் சின்னக் கோப்புகளைத்தான் படிக்கின்றன, எழுதுகின்றன. எஸ்எஸ்டி-யில் சுழலும் தட்டே கிடையாது. அதே வேலையை ஒரு செகண்டில் பல்லாயிரம் தடவை செய்யும். பழைய சிஸ்டத்துக்கு ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால் அது எஸ்எஸ்டி-க்குப் போகட்டும். புது பிராசசர், கிராஃபிக்ஸ் கார்டு எல்லாம் அப்புறம்.

4. எஸ்எஸ்டி வாங்கும் முன் உங்கள் மெஷினில் எது பொருந்தும் என்று பாருங்கள். டிவிடி டிரைவ் உள்ள பழைய லேப்டாப் என்றால் பெரும்பாலும் இரண்டரை இன்ச் சாட்டா வகை. மெல்லிய புது லேப்டாப் என்றால் சூயிங்கம் பட்டை அளவிலான எம்.2 வகை. எம்.2-விலும் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு உண்டு. உருவம் ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றின் இடத்தில் இன்னொன்று வேலை செய்யாமல் போகலாம். மாடல் நம்பரைக் குறித்துக்கொண்டு போய்க் கேளுங்கள். ஆன்லைனில் "2 டிபி" என்று நம்ப முடியாத விலைக்கு வருபவற்றைத் தொடாதீர்கள்; உள்ளே சின்ன மெமரி கார்டை ஒட்டி, கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் சரக்குகள் நிறைய. வீட்டு உபயோகத்துக்கு 256 ஜிபி போதும், 500 என்றால் தாராளம். பில்லோடு வாங்குங்கள். வாரன்டிக்கு அந்தத் தாள்தான் சாட்சி.

5. பழைய ஹார்டு டிஸ்கைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டால் கல்யாண ஆல்பமும் குழந்தைகளின் வீடியோவும் வைக்கும் பெட்டியாகிவிடும். லேப்டாப்பில் டிவிடி டிரைவை யாரும் இப்போது தொடுவதில்லை. அதைக் கழற்றிவிட்டு, கேடி என்ற தட்டில் பழைய டிஸ்கைப் பொருத்தி அந்த இடத்திலேயே வைத்துக்கொள்ளவும் முடியும்.

6. ஆனால் அந்த டிஸ்க் 'டிக்... டிக்' என்று சத்தம் போட்டால், ஒரு ஃபோல்டரைத் திறக்க ஒரு நிமிடம் எடுத்தால், அது வேகப் பிரச்சினையே அல்ல; சாகப் போகிறது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்கின் உடல்நிலையை 'குட்', 'காஷன்', 'பேட்' என்று காட்டும். காஷன் வந்தாலே ஃபார்மட், கிளீனிங், டிஃப்ராக் எதுவும் செய்யாமல் முதலில் படங்களையும் கணக்கையும் வேறு இடத்துக்கு நகல் எடுங்கள். எஸ்எஸ்டி-க்கு டிஃப்ராக் ஒருபோதும் வேண்டாம். அதற்கு வேண்டியதை விண்டோஸே பார்த்துக்கொள்ளும்.

7. ரேம். 4 ஜிபி வைத்துக்கொண்டு விண்டோஸ் 10, குரோமில் பத்து டேப், பக்கத்தில் டேலி, வாட்ஸ்அப் என்று திறந்தால் ரேம் நிறைந்து, வழிந்தது டிஸ்குக்குப் போகும். அந்த டிஸ்கும் சுழலும் வகை என்றால் கேட்கவே வேண்டாம். 8 ஜிபி இன்றைக்கு நியாயமான அளவு. டிடிஆர்3, டிடிஆர்3எல், டிடிஆர்4 எல்லாம் வேறு வேறு. டிடிஆர்3எல் கேட்கும் லேப்டாப்பில் 1.5 வோல்ட் டிடிஆர்3-ஐச் செருகக் கூடாது. உலகமெங்கும் ஏஐ டேட்டா சென்டர்கள் அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிறது. ஆகவே டாஸ்க் மேனேஜரில் மெமரி உண்மையிலேயே நிறைகிறது என்று உறுதி செய்த பிறகு வாங்குங்கள்.

ரேமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்து மாட்டும் கடை வித்தை ஒன்று இருக்கிறது. 'டிஸ்பிளே வரல, பீப் சத்தம் வருது' என்பதற்கு அது நல்ல மருந்து. வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

8. அரசு கொடுத்த லேப்டாப் வீட்டில் கிடக்கிறதா? 2011 செப்டம்பர் 15-ல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிய திட்டம் அது. எல்காட் வழியாக வாங்கப்பட்ட முதல் சுற்று மெஷின்கள் பலவற்றில் 2 ஜிபி ரேமும் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் இருந்தன. பக்கத்திலேயே சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும். இங்கே ஒரு சூட்சுமம்: விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 2 ஜிபி-க்கு மேல் ரேமைக் கணக்கிலேயே எடுக்காது. 4 ஜிபி வாங்கிப் போட்டாலும் பாதி சும்மா கிடக்கும். ரேம் போடும் முன் ஓஎஸ்-ஐ மாற்ற வேண்டும். அதேபோல எந்த 32 பிட் விண்டோஸாக இருந்தாலும் 4 ஜிபி-யே உச்சம். இந்த லேப்டாப்புக்கு ஒரு எஸ்எஸ்டி, கூடவே ஒரு லேசான லினக்ஸ் என்று போட்டால் பள்ளிப் பிள்ளைக்குப் பாடம் படிக்கவும் டைப் அடிக்கவும் நன்றாகவே ஓடும். பரணில் கிடப்பதற்கு இது மேல்.

9. இனி நம்ம ஊர்ச் சமாச்சாரம். சென்னைக்காரர் எழுதும் குறிப்பில் இது அவ்வளவாக வராது. திருப்பூரில் வீட்டோடு சேர்ந்து ஓவர்லாக் மெஷின் ஓடும். சோமனூர், பல்லடம் பக்கம் சுவருக்கு அந்தப்புறம் தறிக்குடோன். பொள்ளாச்சியில் தேங்காய் நார்த் தூசி. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று மீதியைக் கொண்டுவந்து சேர்க்கும். சாதாரண மண் தூசி மெஷினுக்குள் படிகிறது. பஞ்சுத் தூசி பின்னிக்கொள்கிறது. லேப்டாப் ஃபேனுக்கும் வெளிக்காற்றுத் துவாரத்துக்கும் நடுவே செம்பு, அலுமினியத் தகடுகள் வரிசையாக இருக்கும். அதன் உட்பக்கம் பஞ்சு சேர்ந்து கம்பளித் துண்டு மாதிரி மூடிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் துவாரம் சுத்தமாகவே தெரியும். உள்ளே காற்றுப் போக வழியில்லை.

காற்று போகாவிட்டால் பிராசசர் சூடேறும். 95, 100 டிகிரி செல்சியஸை நெருங்கியதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். போட்டவுடன் நன்றாக ஓடி, கால் மணி நேரம் கழித்து இழுக்க ஆரம்பித்தால், ஃபேன் விடாமல் இரைந்தால், காரணம் இதுதான் என்று பாதி முடிவு செய்துவிடலாம். எச்டபிள்யூ மானிட்டர் என்ற இலவச மென்பொருளில் டிகிரியைப் பார்த்து மீதியை உறுதி செய்துகொள்ளுங்கள்.

10. டெஸ்க்டாப் பெட்டி என்றால் நீங்களே சுத்தம் செய்யலாம். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு முறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுங்கள். காய்ந்த, மெத்தென்ற புது பெயின்ட் பிரஷ் ஒன்று, சின்னக் கை ப்ளோயர் ஒன்று போதும். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். தாறுமாறாகச் சுழலவிட்டால் பேரிங் கெட்டுப் போகும். ஈரத்துணி கூடவே கூடாது. லேப்டாப்பை உள்ளே திறக்கப் பழக்கமில்லை என்றால் கடையில் "ஃபேன் கழற்றிச் சுத்தம் பண்ணி, தெர்மல் பேஸ்ட் மாத்திக் குடுங்க" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வெறும் 'சர்வீஸ்' என்றால் மேலே துடைத்துக் கொடுத்துவிடும் ஆபத்து உண்டு. ஆடிக் காற்று ஓய்ந்த பிறகு, ஆவணியில் வருடத்துக்கு ஒரு முறை. வீட்டிலேயே மெஷின் ஓடுகிறவர்கள் தை, மாசியிலும் ஒரு முறை செய்வது நல்லது. கோடை வெயிலுக்கு முன் மெஷின் மூச்சுவிடட்டும்.

11. பனியன் கம்பெனியில் இருக்கும் கம்ப்ரஸர் ஏர் கன்னை வைத்துச் சிபியு பெட்டியை அடிக்கிறவர்கள் அநேகம். கை தேர்ந்தவர்கள் செய்தால் தப்பில்லை. ஆனால் கம்ப்ரஸர் டேங்கில் தண்ணீர் கோத்திருக்கும், எண்ணெய்ப் பிசுக்கும் வரும். டேங்கின் கீழ்க் குழாயைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, முதல் காற்றை வெளியே அடித்துப் பார்த்து, அழுத்தத்தைக் குறைத்து, தள்ளி நின்று அடியுங்கள். அப்புறம் அரை மணி நேரம் ஆறவிட்டு ஆன் செய்யுங்கள்.

12. தறிக்குடோனை ஒட்டிய சுவரில் பலகை அடித்து அதன் மேல் சிஸ்டம் வைத்திருப்பார்கள். சுழலும் டிஸ்குக்கு அதிர்வு ஆகாது. 2008-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர் பிரண்டன் கிரெக், ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் வரிசையின் முன் நின்று கத்தி, அந்தக் கத்தலுக்கே டிஸ்க் தாமதமாவதை வரைபடத்தில் காட்டினார். அந்த வீடியோ உலகம் முழுவதும் சுற்றியது. ஒரு மனிதக் குரலுக்கே அப்படி என்றால் தறிச் சத்தத்துக்குச் சொல்லவா வேண்டும். தனி மேசை, அடியில் ஒரு ரப்பர் பாய். அல்லது மறுபடியும் எஸ்எஸ்டி. அதற்கு ஊசியும் இல்லை, தட்டும் இல்லை.

13. கரண்டையும் கவனியுங்கள். கிரைண்டரோ மோட்டாரோ போட்டதும் யுபிஎஸ் 'டக் டக்' என்று மாறிக்கொண்டே இருந்தால் அந்த லைனில் வோல்டேஜ் இறங்குகிறது. சிஸ்டத்துக்குத் தனி பிளக் பாயின்ட் கொடுங்கள். வேலை நடக்கும்போது கரண்ட் போய்ப் போய் வந்தால் டிஸ்கில் கோப்புகள் பாழாகும், அடுத்த முறை திறக்கும்போது இழுக்கும். 2012 வாக்கில் கோவையில் ஒரு நாளின் பாதியைக் கரண்ட் இல்லாமல் கழித்த வீடுகளில் டிஸ்குகள் பட்ட பாடு பழைய சர்வீஸ்காரர்களுக்கு நினைவிருக்கும். யுபிஎஸ் பேட்டரி இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் தாங்காது. பச்சை விளக்கு எரிகிறதே என்று நம்பி இருக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி, எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பாருங்கள்.

14. லேப்டாப் சார்ஜர் மாற்றிய பிறகு ஸ்லோவானதா? சில நிறுவனங்களின் லேப்டாப், தன் சொந்தச் சார்ஜர் இல்லை என்று தெரிந்தால் பிராசசர் வேகத்தை வேண்டுமென்றே குறைத்துவிடும். டூப்ளிகேட் சார்ஜரில் மிச்சப்படுத்திய காசு இப்படிப் போகும்.

15. டாஸ்க் மேனேஜரிலேயே 'ஸ்டார்ட்டப்' என்ற பகுதி இருக்கிறது. சிஸ்டம் போட்டவுடன் தானாக ஓடுகிறவை எல்லாம் அங்கே வரிசையாக நிற்கும். பிரின்டர் கம்பெனி உதவி மென்பொருள், விளையாட்டுகள், ஸ்கைப்பின் மிச்சம், மூன்று வகை அப்டேட்டர்கள்: வேண்டாதவற்றை 'டிஸேபிள்' செய்யுங்கள். அழிந்துபோகாது, தேவைப்படும்போது நீங்களே திறந்துகொள்ளலாம். ஆன்டி வைரஸை மட்டும் விட்டுவிடுங்கள்.

16. ஆன்டி வைரஸ் ஒன்று போதும். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் வீட்டுக்குத் தாராளமாகப் போதும். இலவச டிரயல் முடிந்துபோன ஒன்று, கடைக்காரர் போட்டுக் கொடுத்த இன்னொன்று என்று இரண்டு ஓடினால், ஒவ்வொரு கோப்பையும் இரண்டு பேர் சோதனை போட்ட பிறகுதான் உங்களுக்குக் கிடைக்கும். 'பிசி கிளீனர்', 'டிரைவர் பூஸ்டர்', 'ஸ்பீடு அப்' என்று பெயர் வைத்துக்கொண்டு வருகிறவற்றைத் தயங்காமல் நீக்குங்கள். அவற்றில் பெரும்பாலானவை தம்மை விற்பதற்காகவே ஓடுகின்றன.

17. ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென்டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் எதையும் டபுள் கிளிக் செய்யாதீர்கள். டிஃபெண்டரில் முழு ஸ்கேன், பிறகு 'ஆஃப்லைன் ஸ்கேன்'. ஆதார், பான் நகல் அச்செடுக்க மட்டும் போகிறீர்கள் என்றால் பென்டிரைவே வேண்டாம். மெயிலில் அனுப்பிவிட்டு வேலை முடிந்ததும் அங்கிருந்து அழிக்கச் சொல்லுங்கள்.

18. நெட் ஸ்லோவா, சிஸ்டம் ஸ்லோவா என்று பிரித்துப் பாருங்கள். அதே வைஃபையில் ஃபோனில் யூடியூப் நன்றாக ஓடி, சிஸ்டத்தில் மட்டும் இழுத்தால் குற்றவாளி சிஸ்டம். இரண்டிலும் இழுத்தால் மோடத்தைப் பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறைவு; 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் அதிகம், ஒரு கெட்டிச் சுவரைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். மோடம் பூஜை அறை அலமாரிக்குள் ஒளிந்திருந்தால் வெளியே எடுத்து உயரத்தில் வையுங்கள். பிரவுசரில் யார் கேட்டாலும் 'அலோ' கொடுத்துக் கொடுத்துச் சேர்ந்த நோட்டிஃபிகேஷன்களையும் எக்ஸ்டென்ஷன்களையும் நீக்கினால் பாதி இரைச்சல் அடங்கும்.

19. எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்றது' என்று வந்தால் நெட்டைத் திட்டும் முன் கீழே மூலையில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் சிஆர்2032 என்ற நாணய பேட்டரி தீர்ந்துபோனால், கரண்ட் போய் வந்ததும் சிஸ்டம் பல வருடம் பின்னால் போய்விடும். சின்னத் தொகைக்குக் கிடைக்கும் பேட்டரி இது.

20. மாதம் ஒரு முறை, ஜிஎஸ்டி போட மட்டும் சிஸ்டத்தைத் திறக்கிற வீடுகள் கோவை, திருப்பூர், கரூர் வட்டாரத்தில் நிறைய. ஜிஎஸ்டிஆர்-1 மாதா மாதம் போடுகிறவர்களுக்கு 11-ம் தேதி, 3பி-க்கு 20-ம் தேதி. சரியாக 20-ம் தேதி காலையில் திறந்தால், ஒரு மாதமாகக் காத்திருந்த விண்டோஸ் அப்டேட், ஆன்டி வைரஸ் அப்டேட், குரோம் அப்டேட் எல்லாம் ஒரே நேரத்தில் பாயும். அன்றைக்குத் தளத்திலும் கூட்டம். இரண்டு நாள் முன்பே, 18-ம் தேதி, ஆன் செய்து நெட்டோடு இரண்டு மணி நேரம் சும்மா விட்டு, ரீஸ்டார்ட் கொடுத்து வையுங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

21. சி டிரைவில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ்' பகுதி எது எவ்வளவு அடைத்திருக்கிறது என்று காட்டும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஒரே படிவம் ஏழெட்டு நகல் கிடக்கும்.

22. இவ்வளவும் பார்த்த பிறகும் ஃபார்மட்தான் வழி என்றால் போடுங்கள். ஆனால் 'மை டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப் பேக்கப் எடுத்தாச்சு' என்பதோடு நிறுத்தாதீர்கள். டேலி கணக்கு அந்த இரண்டு இடத்திலும் இருக்காது. டேலியில் கம்பெனியைத் தேர்வு செய்யும் திரையில் டேட்டா இருக்கும் பாதை தெரியும். அங்கே 10000, 10001 என்று எண் பெயரில் இருக்கும் ஃபோல்டர்கள்தான் உங்கள் கணக்கு. அவற்றை நகல் எடுத்து, இன்னொரு சிஸ்டத்தில் திறந்து பார்த்துவிட்டு, லைசென்ஸை 'சரண்டர்' செய்த பிறகே டிஸ்கைத் தொடவிடுங்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் டிரைவர், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், பிரின்டர் டிரைவர் என்று ஒரு தாளில் எழுதி டிக் அடித்துக்கொள்ளுங்கள்.

பலருக்கும் நினைவே வராதது ஒன்று உண்டு: ஃபான்ட். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் வானவில், பாமினி, செந்தமிழ், ஸ்ரீலிபி எழுத்துருக்களில் அடித்த கல்யாணப் பத்திரிகை, கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ், சங்கக் கணக்கு எல்லாம், அந்த ஃபான்ட் இல்லாத சிஸ்டத்தில் திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்தவர்களும் உண்டு. கெடவில்லை, ஃபான்ட் போனதுதான். ஃபார்மட்டுக்கு முன் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரை அப்படியே நகல் எடுத்துக்கொள்ளுங்கள். 2010 ஜூனில் கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில்தான் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் தரமாக அறிவித்தது. அதற்கு முன்பு அடித்தவற்றைப் பழைய ஃபான்ட் இருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றி வைத்துவிட்டால் அடுத்த ஃபார்மட்டில் இந்தக் கவலை இராது. இணையத்தில் இலவச மாற்றிகள் கிடைக்கின்றன.

23. ஃபார்மட் போடும்போது விண்டோஸுக்குத் தனிக் காசு கேட்டால் நிதானியுங்கள். விண்டோஸ் 8 காலத்திலிருந்து விண்டோஸோடு விற்கப்பட்ட லேப்டாப்களில் அதன் கீ மதர்போர்டுக்குள்ளேயே பதிந்திருக்கிறது. அதே பதிப்பை மறுபடி போட்டால் நெட் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். 'ஆக்டிவேட்டர்' என்று ஒன்றை ஓட்டி, அதற்காக டிஃபெண்டரை நிறுத்திவைக்கிறார்களா என்று பாருங்கள். திருட்டு ஆக்டிவேட்டரோடு சேர்ந்து வருவது எது என்று யாருக்கும் தெரியாது. புது விண்டோஸ் 11 மெஷின் என்றால் டிஸ்கைக் கழற்றும் முன் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் 'பிட்லாக்கர் ரெக்கவரி கீ' இருக்கிறதா என்று பார்த்து எழுதி வையுங்கள். அது இல்லாமல் டிஸ்கில் உள்ளது திறக்காது.

24. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 சிப்பும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசசரும் வேண்டும். குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வீட்டில் நெட் பார்ப்பது, கடிதம் அடிப்பது, பிள்ளைகள் படிப்பது மட்டும்தான் என்றால் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ, லுபுண்டு போன்றவை இலவசம். தமிழிலும் வேலை செய்யலாம். பக்கத்தில் கேரளத்தில் அரசுப் பள்ளிகள் பல வருடங்களாக லினக்ஸில்தான் பாடம் நடத்துகின்றன. முதலில் பென்டிரைவில் ஏற்றி, டிஸ்கைத் தொடாமலே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, பிரின்டர், சத்தம் மூன்றும் வந்தால் தைரியமாகப் போடலாம். டேலி, டிஜிட்டல் கையெழுத்து இரண்டும் அன்றாடம் தேவைப்படுகிறவர்கள் விண்டோஸிலேயே இருங்கள்.

25. "உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கு, மைக்ரோசாஃப்ட்லிருந்து பேசறோம்" என்று ஃபோன் வந்தாலும், திரையில் சைரன் சத்தத்தோடு ஒரு நம்பர் மின்னினாலும் பிரவுசரை மூடுங்கள். எனிடெஸ்க் போடச் சொன்னால் அது திருட்டு. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

26. எல்லாம் முடிந்து மெஷினையே மாற்றுகிறீர்கள், பழையதை உக்கடம் பக்கம் பழைய சாமான் கடையில் போடலாம் என்று நினைக்கிறீர்கள் என்றால், வெறும் டெலிட்டும் குவிக் ஃபார்மட்டும் எதையும் முழுதாக அழிப்பதில்லை. வங்கி ஸ்டேட்மென்ட் முதல் ஆதார் வரை மீட்டெடுக்கலாம். 'ரீசெட் திஸ் பிசி'-யில் 'கிளீன் டேட்டா' என்பதைத் தேர்வு செய்தால் நேரம் எடுக்கும், ஆனால் துடைத்துவிடும். அதற்கும் பொறுமை இல்லை என்றால் நான்கு திருகைக் கழற்றி டிஸ்கை மட்டும் எடுத்து வீட்டில் வைத்துக்கொண்டு மீதியைப் போடுங்கள். பழைய மெஷினுக்கு அவர்கள் தரும் விலையில் இதனால் பெரிதாக ஒன்றும் குறையாது.